கூரையில் டவர், ஜன்னலடியில் ஜெனரேட்டர்

பூனாவில், ஹடப்சரில் நாங்கள் குடியிருந்தது நாலு மாடிக் கட்டடம். எங்கள் வீடு தரைத்தளத்தில். என் கணவரின் தங்கை நாலாவது மாடியில். அண்ணனும் தங்கையும் ஒரே கட்டடத்தில் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டவள் அவள்தான். மேல்மாடிதான் வேண்டும் என்று ஆசைப்பட்டவளும் அவள்தான். காற்றும் வெளிச்சமும் அவளுக்கு, கொசுவும் ஸ்கூட்டர் சத்தமும் எங்களுக்கு என்று அன்றைக்கே பிரித்துக்கொண்டோம்.

என் கணவருக்கு ரஞ்சன்காவில் ஃபேக்டரி வேலை. விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறினால் இருட்டிய பிறகுதான் திரும்புவார். நான் மதுரையிலிருந்து கல்யாணமாகி வந்தவள். பள்ளிப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே கணக்கு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தேன். நாத்தனார் பேங்கில் வேலை பார்த்தாள். அவள் கணவர் மென்பொருள் கம்பெனியில். இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. ஆளுக்கொரு மொபைல் என்பதே பெரிய விஷயமாக இருந்த அந்த நாளில் அவரிடம் இரண்டு இருந்தன. ஒன்று இடுப்பில், ஒன்று சட்டைப் பையில். தூங்கும்போது இரண்டும் தலையணைக்கு அடியில்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சொசைட்டி, அதாவது கட்டடத்துக்காரர்கள் சங்கம், மீட்டிங் போட்டது. சொசைட்டியின் சேர்மன் ஒரு மராத்திக்காரர், ரயில்வேயில் இருந்து ரிட்டயர் ஆனவர். எல்லோரும் அவரைக் காகா, அதாவது சித்தப்பா, என்போம். மொபைல் கம்பெனி ஒன்று நம் மொட்டை மாடியில் டவர் வைக்கக் கேட்கிறது, வாடகை கொடுப்பார்கள் என்று காகா சொன்னார். கூட்டம் கொட்டாவி விட்டது. டவருக்கென்று ஒரு டீசல் ஜெனரேட்டர் வரும், லோட்ஷெட்டிங் நேரத்தில் நம் லிஃப்டையும் அதிலேயே ஓட்டிக்கொள்ளலாம் என்றார். கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. அந்த வருஷங்களில் பூனாவில் தினமும் மணிக்கணக்கில் கரண்ட் போகும். மேல்மாடிக்காரர்கள் காய்கறிப் பையோடு படியில் உட்கார்ந்து மூச்சு வாங்குவார்கள். அவர்கள் கைகள் அத்தனையும் ஒரே நொடியில் உயர்ந்தன. என் நாத்தனார் இரண்டு கையையும் தூக்கினாள்.

"ஜெனரேட்டரை எங்கே வைப்பீங்க?" என்று நான் இந்தியில் கேட்டேன்.

காகா காம்பவுண்டின் மூலையைக் காட்டினார். அது எங்கள் சமையலறை ஜன்னலுக்கு நேர் கீழே.

"புகை வருமே காகா?"

"வஹினி, ஜன்னலைச் சாத்திக்கோங்க" என்றார். வஹினி என்றால் மராத்தியில் அண்ணி. அவ்வளவு மரியாதையாகச் சொல்லிவிட்டு, தீர்மானம் நிறைவேறியது என்று எழுந்துவிட்டார்.

டவர் வந்தது. கூடவே லாரியில், பச்சைப் பெயின்ட் அடித்த ஜெனரேட்டரும் வந்து இறங்கியது. கரண்ட் போனதும் ஒரு உறுமல். பிறகு ஜன்னல் கண்ணாடி, அலமாரிப் பாத்திரம், என் பல் எல்லாம் ஒன்றாக ஆடும். டியூஷன் பிள்ளைகளுக்கு வர்க்கமூலத்தைக் கத்திக் கத்திச் சொல்லிக்கொடுத்தேன். அதில் ஒருத்தி, "டீச்சர் எப்பவும் கோபமா இருக்காங்க" என்று வீட்டில் போய்ச் சொல்லிவிட்டாள். ஜன்னலைச் சாத்தினால் வேர்த்துக் கொட்டும். திறந்தால் கரி. இட்லித் தட்டைத் துடைத்தால் துணி கறுக்கும். கொடியில் காயப்போட்ட வெள்ளைச் சட்டைகள் சாம்பல் நிறத்துக்கு மாறின. என் மகளுக்கு இருமல் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன்.

"வீட்டில் யாராவது சிகரெட் பிடிக்கிறார்களா?" என்று அவர் கேட்டார்.

"எங்க சொசைட்டியே பிடிக்குது டாக்டர்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. மருந்து எழுதிக் கொடுத்து, புகை இல்லாத இடத்தில் வைத்திருங்கள் என்றார். மேல்மாடிக்குத்தான் குடிபோக வேண்டும்.

நாத்தனாரிடம் சொல்லிப் பார்த்தேன். அவள் பிறந்து வளர்ந்தது கிர்க்கியில், மாமனார் வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது. அவள் பேசும் தமிழுக்கு இந்தியைத் தொட்டுக்கொள்ளாமல் ஒரு வாய் இறங்காது.

"இன்னா அண்ணி, லிஃப்ட் பராபர் ஓடுது இல்லே? தோடா அட்ஜஸ்ட் பண்ணிக்கணும். எல்லாருக்கும் ஃபாய்தா இருக்குது."

"எங்களுக்கு என்ன லாபம்? நாங்க தரைத்தளத்துக்கு லிஃப்ட்லயா வாரோம்?"

"எங்க வீட்டுக்கு வரும்போது லிஃப்ட்லே வருவீங்களே!" என்றாள், கொஞ்சமும் கூசாமல்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் பயம் வந்தது. அது மின்னஞ்சலில் வந்தது. நாத்தனாரின் கணவருக்கு ஆபீசில் யாரோ அனுப்பியதை யாரோ அனுப்ப, அதை அவர் வண்ணத்தில் பிரிண்ட் எடுத்து வந்தார். டவரில் இருந்து கதிர் இறங்குகிறது, அது மண்டைக்குள் புகுந்து மூளையை மெல்ல வேகவைக்கிறது என்று அதில் கொட்டை எழுத்தில் இருந்தது. யார் எழுதியது என்று எங்கும் இல்லை. அதுவே அதற்கு ஒரு கௌரவத்தைக் கொடுத்தது. உண்மையைச் சொல்கிறவர்கள் பெயர் போட மாட்டார்கள் என்றாள் நாத்தனார்.

அன்று சாயங்காலமே அவளுக்குத் தலைவலி. மறுநாள் எதிர்வீட்டுக்காரிக்கு. மூன்றாம் மாடியில் ஒருவருக்கு முடி கொட்டத் தொடங்கியது. நாங்கள் குடிவந்தபோதே அவருக்குக் காதோரம் மட்டும்தான் முடி இருந்தது. இருந்தாலும் அந்தக் காதோரமும் இப்போது போகிறது என்று அவர் சீப்பைக் கொண்டுவந்து காட்டினார். மொட்டை மாடித் தொட்டியில் நாத்தனார் வைத்திருந்த கறிவேப்பிலைச் செடி எப்போதோ பட்டுப்போயிருந்தது. டவர் ஏற்றிய ஆட்கள் அதன் மேல் சிமென்ட் மூட்டையை வைத்திருந்ததை எல்லோரும் பார்த்திருந்தோம். ஆனாலும் கதிர்தான் காரணம் என்று முடிவானது. பால் திரிந்தால் கதிர். பிள்ளை ஃபெயிலானால் கதிர். மாமியாரும் மருமகளும் பேசிக்கொள்ளாமல் போனால், அதுவும் கதிர்.

அதே நேரத்தில் ஜெனரேட்டர் கீழே கறுப்பாக, கெட்டியாக, மூக்குக்கும் கண்ணுக்கும் நன்றாகத் தெரியும்படி புகை விட்டுக்கொண்டிருந்தது. கதிரைப் பற்றிப் பேச மேல்மாடிக்காரர்கள் கீழே கூடுவார்கள். ஜெனரேட்டர் பக்கத்தில் நின்று, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கதிரைப் பற்றிக் கவலைப்படுவார்கள்.

"இதைப் பத்தி யாரும் பேச மாட்டீங்களா?" என்று நான் புகையைக் காட்டினேன்.

"அது வெறும் புகை வஹினி" என்றார் காகா. "காத்துல போயிடும்."

போகத்தான் போயிற்று. என் மகளின் நெஞ்சுக்குள் போயிற்று.

நாத்தனார் ஒரு நிபுணரை அழைத்து வந்தாள். பூனா கேம்ப் பக்கத்தில் இருந்து வந்தார். காவி ஜிப்பா, கையில் ஒரு சின்னப் பெட்டி. அதுவரை அவர் வாஸ்து பார்த்துக்கொண்டிருந்தாராம். இப்போது கதிரும் பார்க்கிறார். பெட்டியை அழுத்தினால் பச்சை விளக்கு எரியும். கதிர் இருந்தால் சிவப்பாகிக் கீச்சென்று கத்தும். கட்டடமே அவர் பின்னால் போனது. நானும் போனேன். டியூஷனுக்கு வந்த பிள்ளைகளும் என்னோடு வந்தார்கள்.

முதலில் மொட்டை மாடி. டவர் அடியில் பெட்டியை நீட்டினார். பச்சை. சுற்றி வந்தார். பச்சைதான். நாத்தனார் முகம் வாடியது. அவளுடைய வீட்டுக்குள் போனதும் பெட்டி கத்தத் தொடங்கியது. "பார்த்தீங்களா! பார்த்தீங்களா!" என்று அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள், பரீட்சையில் பாசானவளைப் போல. நிபுணர் பெட்டியை நீட்டிக்கொண்டே ஹால் மூலைக்குப் போனார். சத்தம் கூடியது. அங்கே ஸ்டூலில் இருந்தது அவர்கள் வீட்டுக் கார்ட்லெஸ் போன். அதைத் தாண்டிச் சமையலறைக்குள் போனார். அங்கே நாத்தனாரின் அம்மா, அதாவது என் மாமியார், மைக்ரோவேவில் பால் சூடு பண்ணிக்கொண்டிருந்தார். பெட்டி தொண்டை கிழியக் கத்தியது. மாமியார் பயந்து, "யார்ரா அது?" என்றார்.

நிபுணர் பெட்டியை அணைத்துவிட்டார். "சில சமயம் மெஷின் குழம்பிடும்" என்று இந்தியில் சொன்னார். "டவர் கதிர் மேலேருந்து வந்து, வீட்டுக்குள்ள இருக்கிற சாமான்களைப் பிடிச்சுக்குது. ரொம்ப முத்தின கேஸ்."

பரிகாரமாக, வாசல்படியில் செம்புப் பட்டை பதிக்கச் சொன்னார். போனின் முதுகில் ஒட்ட வட்டமான பொன்னிற ஸ்டிக்கர்கள் கொடுத்தார். கதிரை அது குடித்துவிடும் என்றார். நாத்தனாரின் கணவர், பொறியியல் படித்தவர், இரண்டு போனுக்கும் ஒட்டிக்கொண்டார். அதன் பிறகு தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்க அவருக்கு எந்தப் பயமும் இருக்கவில்லை.

ஸ்டிக்கர் போதவில்லை. டவரே போக வேண்டும் என்று போராட்டம் ஆரம்பித்தார்கள். அப்போது நான் யோசித்தேன். டவர் போனால் அதன் ஜெனரேட்டரும் போகத்தானே வேண்டும்? அன்றே நாத்தனார் வீட்டுக்குப் போய், நானும் வருகிறேன் என்றேன்.

"அண்ணி, உங்களுக்கும் தலைவலிக்குதா?" என்று ஆசையோடு கேட்டாள்.

"வலிக்குது. ரெண்டு வருஷமா வலிக்குது" என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை.

என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் அட்டைகள் எழுதும் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். மராத்தியில் அவர்கள் சொல்லச் சொல்ல எழுதினேன். 'எங்கள் குழந்தைகளைக் காப்பாற்றுங்கள்' என்ற அட்டையை எழுதியபோது என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தாள். காம்பவுண்ட் வாசலில் வரிசையாக நின்றோம். எல்லோர் கையிலும் ஒரு அட்டை. மறுகையில் மொபைல், இன்னும் வராதவர்களைக் கூப்பிடுவதற்காக. தலைக்கு மேலேயே டவர் இருந்ததால் சிக்னல் அருமையாகக் கிடைத்தது.

கம்பெனியில் இருந்து ஒரு இளைஞர் வந்தார். டை கட்டியிருந்தார், வேர்த்திருந்தது. எது கேட்டாலும், "டோட்டலி சேஃப் சார், டோட்டலி சேஃப் மேடம்" என்றார்.

"எவ்வளவு கதிர் வருது?" என்று வழுக்கைத் தலைக்காரர் கேட்டார்.

"அது வேற டிபார்ட்மென்ட் சார்."

"யார் டெஸ்ட் பண்ணினாங்க?"

"அதுவும் வேற டிபார்ட்மென்ட். ஆனா டோட்டலி சேஃப்."

"நீங்க இந்த மாதிரி டவர் அடியில குடியிருப்பீங்களா?" என்றாள் நாத்தனார்.

அவர் யோசித்தார். "நான் ஏரவாடாவில இருக்கேன் மேடம். எங்க தெருவில சிக்னலே கிடையாது. வைக்கச் சொல்லி நாங்கதான் எழுதிப் போட்டிருக்கோம்" என்றார். அன்று முழுவதும் அவர் சொன்னதில் நான் நம்பியது அந்த ஒன்றைத்தான். டவரால் மனிதனுக்குக் கெடுதல் உண்டா இல்லையா என்று எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. தெரிந்துகொள்ள உண்மையாகவே ஆசைப்பட்டேன். ஆனால் தெரிந்தவர்கள் என்று எங்கள் வாசலுக்கு வந்தவர்களில் ஒருவர் ஸ்டிக்கர் விற்கிறவர், மற்றவர் டவர் விற்கிறவர்.

கடைசியில் கம்பெனி இறங்கி வந்தது. சரி, டவரையும் ஜெனரேட்டரையும் எடுத்துவிடுகிறோம் என்றார்கள். நான் கை தட்டப் போனேன். அதற்குள் காகா எழுந்தார்.

"ஜெனரேட்டரை எதுக்கு எடுக்கணும்?" என்றார்.

மேல்மாடிக்காரர்கள் ஒரே குரலில் ஆமாம் என்றார்கள். ஜெனரேட்டர் என்ன பாவம் செய்தது? கதிர் டவரில்தானே இருக்கிறது? இவ்வளவு நாள் வந்த தலைவலிக்கும் கொட்டிய முடிக்கும் ஈடாக அதையாவது விட்டுவிட்டுப் போங்கள் என்று நாத்தனாரின் கணவர் ஆங்கிலத்தில் வாதாடினார். எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு சந்து, அதில் ஒரு மாடி வீடு. அதன் சொந்தக்காரர் டவருக்கு இடம் தரத் தயாராக இருந்தார். எனவே டவர் அங்கே போவது, ஜெனரேட்டர் இங்கேயே இருந்து இரண்டு பக்கமும் கரண்ட் கொடுப்பது என்று ஒப்பந்தமானது. சுவருக்கு மேலே கேபிள் இழுத்தார்கள். முன்பு டவருக்கும் லிஃப்டுக்கும் உழைத்த ஜெனரேட்டர் இப்போது சந்து வீட்டு விளக்குகளுக்கும் சேர்த்து உழைத்தது. புகையும் அதற்கேற்ப.

அந்த வீடு உயரம் குறைவு என்பதால் அதன் மேல் நீளமான கம்பத்தை நட்டார்கள். வேலை முடிந்த அன்று நாத்தனார் வீட்டில் எல்லோருக்கும் தயிரில் செய்த ஸ்ரீகண்ட் இனிப்பு, பூரி. நான் தட்டோடு அவளுடைய பால்கனிக்குப் போய் நின்றேன். கம்பத்தின் உச்சியில் இருந்த நீளநீளமான ஆன்டெனாப் பெட்டிகள் மூன்றும் என் முகத்துக்கு நேராக நின்றன. முன்பு தலைக்கு மேலே எங்கோ பார்த்துக்கொண்டிருந்தவை. இப்போது அவள் படுக்கையறைக்குள்ளேயே எட்டிப் பார்த்தன.

"ஏம்மா, இது உன் வீட்டுக்கு நேரா இல்ல நிக்குது?" என்றேன்.

"அண்ணி, அது அவங்க பில்டிங்லே இருக்குது. நம்ம பில்டிங்லே இல்லே" என்றாள். "எனக்குத் தலைவலி போயே போச்சு. ஸ்ரீகண்ட் இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்க."

உள்ளே இருந்து அவள் கணவர், "இப்போ பெட்ரூம்லயும் சிக்னல் ஃபுல்!" என்றார்.

நான் கீழே வந்து, மகளுக்கு மருந்து கொடுத்துவிட்டு, கரி படிந்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரவு என் கணவர் வந்ததும், "உங்க தங்கச்சியால எனக்கு ரத்தக் கொதிப்பு வந்துரும்" என்றேன். பஸ்ஸில் வந்த களைப்போடு, "அதுக்கும் கதிர்தான் காரணம்னு சொல்லிடு, உடனே ஏதாவது செய்வாங்க" என்றார் அவர்.

கிண்டலாகத்தான் சொன்னார். எனக்கு அது கிண்டலாகப் படவில்லை.

சில வாரங்களில், கட்டடம் சுத்தமாகிவிட்டது என்று நிபுணர் வாயால் கேட்க வேண்டும் என்று நாத்தனார் அவரை மறுபடி வரவழைத்தாள். அதே ஜிப்பா, அதே பெட்டி. மொட்டை மாடி பச்சை. எல்லோரும் கை தட்டினார்கள். அவள் பால்கனிக் கதவைத் திறந்ததும் பெட்டி வீறிட்டது. அவர் ஒரு கணம்கூடத் தடுமாறவில்லை.

"பழைய கதிர்" என்றார். "சுவரில ஊறியிருக்கும். மெல்ல மெல்ல இறங்கிடும்."

நேர் எதிரே டவர் நின்றது. யாரும் அதைப் பார்க்கவில்லை. நான் மட்டும், "பாய் சாப், கீழேயும் ஒரு தடவை பார்த்துட்டுப் போங்க. டீ போட்டு வைக்கிறேன்" என்றேன்.

நல்ல வேளையாக அப்போது லோட்ஷெட்டிங். ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது. நிபுணர் டீயை ஒரு கையிலும் பெட்டியை மறு கையிலும் வைத்துக்கொண்டு அதன் பக்கம் போனார். பெட்டி கத்திய கத்தலில் டீ சிந்தியது. அவருக்கே ஆச்சரியம். நகர்ந்தார், குறைந்தது. கிட்டப் போனார், கூடியது. சுற்றி நின்றவர்கள் பின்வாங்கினார்கள்.

நான் ஒரு கேள்விதான் கேட்டேன். "இதுலேருந்துதானே லிஃப்டுக்குக் கரண்ட் போகுது?"

நிபுணர் கண்ணை மூடித் திறந்தார். "லிஃப்ட் ஒரு இரும்புப் பெட்டி" என்றார். "உள்ளே போன கதிர் வெளியே வர வழியே கிடையாது. ஆளுங்க உடம்பிலதான் ஏறும்."

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டாள். வழுக்கைத் தலைக்காரரின் கை தானாகக் காதோரத்துக்குப் போனது.

வருஷக்கணக்காக என் மகளின் இருமல் செய்யாததை அந்தப் பெட்டி ஒரு சாயங்காலத்தில் செய்தது. அந்த வாரமே அவசர மீட்டிங். காகா, "இந்த ஜெனரேட்டரை நான் ஆரம்பத்திலிருந்தே சந்தேகப்பட்டேன்" என்றார். தீர்மானத்துக்குக் கை தூக்கச் சொன்னபோது நானும் தூக்கினேன். புகை என்ற சொல்லை அந்த மீட்டிங்கில் ஒருவர்கூட உச்சரிக்கவில்லை. நானும் ஜாக்கிரதையாக உச்சரிக்கவில்லை. ஜெனரேட்டர் சந்துக்காரரின் வீட்டு முற்றத்துக்கே போயிற்று. டவர் வாடகையை வாங்குகிறவரே அதன் புகையையும் வாங்கிக்கொள்வது எங்கள் சொசைட்டிக்குத் தோன்றாத நியாயம்.

ஜன்னலைத் திறந்து வைத்தேன். சுவரைத் தேய்த்துக் கழுவ நாலைந்து நாள் பிடித்தது. மழைக்காலம் முடிவதற்குள் மகளின் இருமல் நின்றது. டாக்டர் தன் மருந்துதான் காரணம் என்றார். நான் மறுக்கவில்லை.

நாத்தனார் லிஃப்டையே விட்டுவிட்டாள். ஜெனரேட்டர் போன பிறகும், கரண்ட் இருக்கும்போதும்கூட அதில் ஏறவில்லை. உள்ளே போனது வெளியே வராதல்லவா? தினமும் பேங்கில் இருந்து வந்து, காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு நாலு மாடி ஏறினாள். தீபாவளிக்கு வந்தபோது பாதியாக இளைத்திருந்தாள். முகம் தெளிந்து, பழைய புடவைகள் எல்லாம் நன்றாகப் பொருந்தின.

"எப்படி ஆயிட்டே பாரு!" என்றேன். மனதார.

"டவர் போச்சில்லே அண்ணி" என்றாள். "உடம்பே ஹல்காவா, லேசா ஆயிடுச்சு."